பருவமழைக்கு ஒரு கார்டு

ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடிப்படியின் இரண்டாவது வளைவில் நின்று ஜம்புநாதன் சார் புது மெயில் ஐடி திறந்துகொண்டிருக்கிறார். எங்கள் அபார்ட்மெண்டில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். பிறந்த தேதி கேட்கிறது, போடுகிறார். நீ மனிதன்தானா என்று நிரூபி, டிராஃபிக் விளக்கு உள்ள படங்களை மட்டும் தொடு என்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாசில்தார் கையெழுத்துப் போடுகிற நிதானத்தோடு ஒவ்வொன்றாகத் தொடுகிறார். மேலே போகவேண்டிய நான் பால் பாக்கெட்டோடு பின்னால் நிற்கிறேன். "ஏக் மினிட் சார். கோதாவரி வத்திப்போச்சு. துங்கபத்ராவுக்கு மாறிட்டிருக்கேன்" என்கிறார்.

விஷயம் இதுதான். வகுப்பறைக்கென்று இணையத்தில் இலவசமாக என்னென்னவோ கிடைக்கின்றன: வினாடி வினா நடத்த ஒன்று, ஓட்டெடுக்க ஒன்று, படம் வரைய ஒன்று. கொஞ்ச நாள் இலவசமாகக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் காலையில் காசு கேட்கும். கேட்ட அன்றே சார் அந்த மெயில் ஐடியைக் கைவிட்டுவிட்டு இன்னொன்று திறப்பார். சமூக அறிவியல் வாத்தியார் என்பதால் ஐடிகளுக்கு எல்லாம் ஆறுகளின் பெயர். கிருஷ்ணா, பீமா, மஞ்சீரா எல்லாம் ஒரு சுற்று வந்து வற்றிவிட்டன. காவிரியை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அது ரெண்டு ஸ்டேட் தகராறு, நமக்கு நக்கோ" என்றார். நக்கோ என்றால் வேண்டாம். மூசியைத் தொடவே மாட்டார். அது ஹைதராபாத் ஊருக்குள்ளேயே ஓடுகிற ஆறு, அதன் வாசனை அவருக்குத் தெரியும்.

ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். எங்களுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, அதற்கு முந்திய வயதில் தைத்த சட்டை. லேப்டாப் பையை முதுகில் போடமாட்டார். கைக்குழந்தையைப் போல முன்பக்கம் கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவார். பையின் பக்கவாட்டில் பத்தடி ஒயரோடு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் துருத்திக்கொண்டிருக்கும். கண்டோன்மெண்ட் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து நிலைத்த குடும்பம். அதனால் அவருடைய தமிழில் தெலுங்கும் ஹைதராபாத் உருதுவும் கேட்காமலே ஏறி உட்கார்ந்திருக்கும். கரூரிலிருந்து வேலைக்காக வந்த எனக்கு முதல் ஆறு மாதம் அவர் ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்றே தெரியவில்லை. 'ஹவ்' என்றால் ஆமாம்.

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் கம்ப்யூட்டருக்குள் போனபோது எல்லா வாத்தியார்களுக்கும் இந்தக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் மற்றவர்களுக்கு இறங்கிவிட்டது. இவருக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. "ஃபுகட்ல கிடைக்குது சார்! கைக்கு வேணாங்கணும்?" என்பார். ஃபுகட் என்றால் ஓசி. கைக்கு என்றால் எதற்கு. இந்த இரண்டு சொல்லும் சேர்ந்தால் அதுதான் அவருடைய கல்விக் கொள்கை.

அபார்ட்மெண்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. போன கோடையில் தண்ணீர் லாரி வரவழைக்க ஆன்லைனில் ஒரு படிவம் தயாரித்து எல்லார் போனுக்கும் அனுப்பினார். பெயர், ஃபிளாட் எண், எத்தனை குடம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். 'தண்ணீர் இல்லாதபோது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடுக' என்று ஒரு கேள்வி. அதை நிரப்பாமல் படிவம் முடியாது. எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கீழ்வீட்டுச் செல்லப்பா, சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, தம் மனநிலையைப் படிக்கட்டில் நின்று வாயாலேயே தெரிவித்தார். சார் கோபித்துக்கொள்ளவில்லை. "ஃபீட்பேக் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஃபார்ம்ல போட்டாத்தானே கிராஃப் வரும்?" என்றார். அவர் படிவத்தை மூடிவிட்டு வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் லாரியை எதிர் அபார்ட்மெண்ட்காரர்கள் மடக்கிக்கொண்டார்கள்.

அவர் மனைவி கனகம் நல்ல பொறுமைசாலி. ஒருமுறை சட்னி அரைக்க எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் மிக்ஸி என்ன ஆயிற்று என்று என் மனைவி உஷா கேட்டாள். "வீட்டு வேலைக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒரு போர்டு வெச்சிருக்காரு உஷா. அதுல 'மிக்ஸி ரிப்பேர்'னு ஒரு கார்டு. ரெண்டு வருஷமா 'நடந்துகொண்டிருக்கிறது'ல நடந்துகொண்டே இருக்கு" என்றார் கனகம். சிரிக்காமல் சொன்னார். அதனால்தான் நாங்கள் அவ்வளவு சிரித்தோம்.

அப்போது சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். ஏனென்றால் என் மகள் ஹர்ஷிதா அவருடைய பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். மார்ச்சில் பொதுத்தேர்வு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. சாயங்காலம் பையை வீசிவிட்டு அவள் சொல்லும் வகுப்பறைக் கதைகள்தான் எங்கள் வீட்டில் டி.வி.க்குப் பதில்.

வகுப்பில் முதலில் எல்லாரும் அவரவர் டேப்லெட்டில் உள்ளே நுழைய வேண்டும். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புது பாஸ்வேர்டு. அதற்குள் கால் பீரியட் போய்விடும். பிறகு யாரைக் கேள்வி கேட்பது என்று முடிவு செய்ய, பெயர்கள் எழுதிய ராட்டினம் ஒன்று திரையில் சுற்றும். நாற்பது பிள்ளைகளும் மேஜையைத் தட்டிக் கூச்சலிடுவார்கள். ராட்டினம் நின்று பெயர் வந்ததும் கைதட்டல். கேள்வி என்னவென்று சாருக்கே மறந்திருக்கும். ஒருநாள் 'ஆறு என்றதும் உங்களுக்குத் தோன்றுவது என்ன?' என்று கேட்டு, எல்லார் பதிலையும் மேகம் போல் திரட்டிக் காட்டும் ஒரு சாதனத்தைத் திறந்தார். நிறையப் பேர் எழுதுகிற சொல் அதில் பெரிதாகத் தெரியும். பிள்ளைகள் கூடிப் பேசிக்கொண்டு விட்டார்கள். 'பிரியாணி' என்ற சொல் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. சார் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பார்ட்டிசிபேஷன் ஹண்ட்ரட் பர்சன்ட். குட்" என்றாராம்.

இவற்றில் எதுவும் நிலைக்காது. இந்த வாரம் ராட்டினம், அடுத்த வாரம் வேறு. நிலைத்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் போர்டு. வீட்டு மிக்ஸி மாட்டிக்கொண்டிருக்கும் அதே வகைப் பலகை, வகுப்புக்கென்று தனியாக. திரையில் மூன்று பத்திகள். முதலாவது 'டு டூ', எடுக்கவேண்டிய பாடங்கள். நடுவில் 'டூயிங்', எடுத்துக்கொண்டிருப்பது. கடைசியில் 'டன்', எடுத்து முடித்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கார்டு. பாடம் முடிந்ததும் கார்டை விரலால் இழுத்து 'டன்'னில் போட்டால் டிங் என்று மணி அடித்துத் திரை முழுக்கக் கலர் காகிதம் பொழியும். அந்தக் காகிதம் பொழியும்போது சாரின் முகத்தைப் பார்க்கவேண்டும். அவருக்கு முப்பது வருஷமாக எந்த நிர்வாகமும் மாலை போட்டதில்லை.

டிசம்பரில் பெற்றோர் கூட்டம். கையில் சமோசாத் தட்டோடு என்னை லேப்டாப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். 'டு டூ'வில் நாலைந்து கார்டுகள்தான் பாக்கி. 'டன்' பத்தி கீழே தள்ளித் தள்ளிப் பார்க்குமளவு நீண்டிருந்தது.

"பார்த்தீங்களா சார், டிசம்பர்லயே இவ்வளவு அயிபோயிந்தி! மத்த ஸ்கூல்ல இன்னும் பாதில நிக்கறாங்க."

"பிள்ளைகளும் இதைப் பார்க்க முடியுங்களா?" என்று கேட்டேன்.

"ஹவ்! அதானே இதுல விசேஷம். பேர் பேரா உள்ள விட்டா கம்பெனிக்காரன் காசு கேக்கறான். நான் கைக்கு குடுக்கணும்? கதவைத் தெறந்து வெச்சுட்டேன். லிங்க் இருக்கறவங்க யார் வேணா வரலாம், யார் வேணா எடிட் பண்ணலாம். டெமாக்ரஸி சார்!"

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆபீஸில் நாங்களும் இதே மாதிரி ஒரு பலகையை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது ஏனோ ஞாபகம் வரவில்லை. இரண்டாவது சமோசாவும் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ப்ரீ-ஃபைனல் வந்தது. பொதுத்தேர்வுக்கு முந்திய கடைசி ஒத்திகை. மற்ற பாடங்களில் எல்லாம் நன்றாக வாங்கியிருந்த ஹர்ஷிதா, சமூக அறிவியலில் பாதிக்கும் கீழே. விடைத்தாளைப் புரட்டினேன். இந்தியாவின் தட்பவெப்பம் பற்றிய பெரிய கேள்விக்கு நேராக, 'பருவமழை என்பது பருவத்தில் பெய்யும் மழை' என்று ஒரே வரி. அதற்குக் கீழே அழகாகக் கோடு வேறு போட்டிருந்தாள்.

"என்ன சாமி இது?" என்றேன்.

"சார் செப்பனே லேது டாடி" என்றாள். சார் சொல்லித் தரவே இல்லையாம்.

"முடிச்சாச்சுன்னு போர்டுல நானே பார்த்தனே?"

அவள் விடைத்தாளை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் திணித்தாள். உஷா வாட்ஸாப்பில் மற்ற அம்மாக்களிடம் விசாரித்தாள். எல்லா வீட்டிலும் அதே மழை, அதே ஒரு வரி. தட்பவெப்பம் மட்டுமில்லை, மக்கள்தொகை, குடிபெயர்தல் என்று இன்னும் சில பாடங்களும் பிள்ளைகளுக்கு அட்டைப்பட அறிமுகத்தோடு நின்றிருந்தன. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. "இப்பவே மேல போயி அந்த மனுசனைக் கேட்டுப்போட்டு வாங்க" என்றாள் உஷா. அவள் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். அவ்வளவு கோபம்.

சார் வரவேற்பறையில் துங்கபத்ராவில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"ஏனுங்க சார், பருவமழைப் பாடம் எடுத்தீங்களா, இல்லீங்களா?"

"எடுத்தாச்சே! இருங்க, காட்டறேன்." போர்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். 'டன்' பத்தியின் நடுவில் நீலக் குடை போட்ட கார்டு இருந்தது. "பார்த்தீங்களா? நவம்பர்லயே முடிஞ்சது."

"போர்டு கெடக்குதுங்க. நீங்க எடுத்தீங்களா? நின்னு, வாயைத் திறந்து சொல்லிக்குடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

ஜம்புநாதன் சார் என்னைக் கருணையோடு பார்த்தார். "ஞாபகத்தை நம்பலாமா சார்? எனக்கு எத்தனை செக்‌ஷன், எத்தனை பாடம்! அதுக்குத்தானே போர்டு?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் பின்னாலிருந்து, "நேனே சார்" என்று ஒரு குரல் கேட்டது. நான்தான் என்று அர்த்தம். ஹர்ஷிதா எப்போது என் பின்னால் ஏறி வந்தாளோ, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பிறகு மூன்று பாஷையில் விஷயம் வெளியே வந்தது. சார் வகுப்புக்குள் வந்ததும் போர்டைத் திறப்பார். 'டு டூ'வில் மேலே எது இருக்கிறதோ அதை எடுப்பார். அக்டோபரில் ஒருநாள், டெஸ்டுக்குப் பயந்து வினய் என்ற பையன் முந்தின ராத்திரியே மக்கள்தொகைக் கார்டைத் தன் வீட்டிலிருந்து இழுத்து 'டன்'னில் போட்டுவிட்டான். மறுநாள் சார் திரையைப் பார்த்தார். "அரே, பாப்புலேஷன் முடிஞ்சுடுச்சா?" என்றார். நாற்பது வாயும் ஒரே ராகத்தில், "அயிபோயிந்தி சார்!" முடிந்துவிட்டது என்று. சார் "குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கார்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து யாருக்கு எந்தப் பாடம் பிடிக்கவில்லையோ அவர்கள் அதை நகர்த்தினார்கள். தங்களுக்குள் முறை வேறு வைத்துக்கொண்டார்கள். பருவமழை என் மகளின் முறை.

"ஒய் ஹர்ஷிதா? கைக்கு?" என்றார் சார்.

"நெக்ஸ்ட் டே மேட்ஸ் டெஸ்ட் உண்டே சார்..." என்று கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள்.

மேலே கொண்டுபோன கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாடம் எடுத்தோமா இல்லையா என்று தெரியாத வாத்தியார் ஒரு பக்கம். அதை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு விளையாடிய என் பெண் இன்னொரு பக்கம். டிசம்பரில் சமோசா தின்ற நான் நடுவில். சமையலறை வாசலில் கனகம் கரண்டியோடு நின்றிருந்தார். "போர்டுல முடிஞ்சதுன்னா முடிஞ்சதுன்னு அர்த்தமா? அப்ப அந்த மிக்ஸியையும் நானே தள்ளிவிட்டிருப்பேனே, இத்தனை நாள் அறிவில்லாம போச்சு" என்றார்.

சார் யாரையும் திட்டவில்லை. 'டன்' பத்தியை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப இதுல எது எது நான் எடுத்தது?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அந்த நிமிடம் மட்டும் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. படி இறங்கும்போது தீர்ந்துவிட்டது.

விஷயம் அம்மாக்களின் வாட்ஸாப் வழியே பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் பள்ளி முதல்வர் அனுபமா மேடம் அவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினாராம். விடுபட்ட பாடங்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தாக வேண்டும். பெற்றோர் விருப்பப்பட்டால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். இந்தப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் கவிழ்ந்தால் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு அவருக்குக் கிடையாது. இவ்வளவையும் சார் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். கடைசி நிபந்தனையில்தான் ஆள் தளர்ந்துபோனார். வகுப்பு முடிந்து மணி அடிக்கும் வரை லேப்டாப் பையைவிட்டு வெளியே வரக்கூடாது. "பைக்குள்ளயே வெச்சுட்டு என்னா பண்றது சார்?" என்று என்னிடமே படிக்கட்டில் கேட்டார். "பாடம் நடத்துங்க" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

முதல் ஞாயிறு பருவமழை. கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க நானும் இன்னும் சில அப்பாக்களும் உட்கார்ந்திருந்தோம். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தோம், திருத்த அல்ல. சார் உள்ளே வந்தார். பையை மேஜைக்குக் கீழே வைத்தார். நிமிர்ந்தவர் வழக்கப்படி சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவரில் ஒன்றுமில்லை. வலது கை ஆட்காட்டி விரல் தானாக இரண்டு தடவை காற்றில் எதையோ தொட்டது. பிள்ளைகள் சிரிக்கத் தயாரானார்கள்.

"வினய், இங்க வா" என்றார். "நீதான் காத்து."

வாசலோரம் கை கழுவ வைத்திருந்த பக்கெட்டைக் காட்டி, "அது அரபிக்கடல். என் துண்டை அதுல முக்கு. பிழியாதே. அப்படியே தூக்கிட்டு வேகமா என்மேல வந்து மோது" என்றார். வகுப்பின் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "நான்தான் வெஸ்டர்ன் காட்ஸ். வா பாபு, ஜல்தி!" அந்த உடம்புக்கு அந்த வேஷம் பொருத்தமாகவே இருந்தது.

வினய் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து அவர் வயிற்றில் மோதினான். சார் துண்டைப் பிடித்து ஒரே முறுக்கு. சளசளவென்று தரையில் கொட்டியது. "மங்களூர்! கொச்சி! ஃபுல் மழை! இப்ப என்னைச் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வா." வினய் மலையைச் சுற்றி முதல் பெஞ்சுக்கு வந்தான். "பிழி." பிழிந்தான். நாலைந்து சொட்டு விழுந்தது. "அவ்வளவுதான் நம்ம ஹைதராபாத். நமக்கு மலை பிழிஞ்சு போட்ட மிச்சம். பேகம்பேட் வானிலை ஆபீஸ்ல மழையை அளந்து சொல்றாங்களே, இந்த மிச்சத்தைத்தான் அளக்கறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் அந்தத் துண்டின் மேல் இருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஹர்ஷிதா கையைத் தூக்கினாள். "சார், மரி சென்னைக்கு மட்டும் ஏன் நவம்பர்ல?" என்றாள். தமிழும் தெலுங்குமாக, ஆனால் கேள்வி சரியான கேள்வி. நானே கரூரில் இருந்தபோது ஐப்பசி மழையில் நனைந்திருக்கிறேனே தவிர, ஏன் என்று கேட்டதில்லை.

"ஷபாஷ்!" சார் துள்ளிவிட்டார். "இப்ப காத்து திரும்புது. வினய், அந்த மூலைக்குப் போ. அதான் வடகிழக்கு. நிலத்து மேல இருந்து வர்ற காத்து, அதனால காஞ்ச துண்டு." காய்ந்த துண்டுக்கு எங்கே போவது? என் தோளில் கிடந்ததைப் பறித்துக்கொண்டார். பின் வரிசையில் இன்னொரு பக்கெட்டை வைத்து, "இது வங்காள விரிகுடா. போற வழில முக்கிக்கோ" என்றார். முக்கிய துண்டோடு வினய் ஹர்ஷிதாவின் பெஞ்சுக்கு வந்தான். "அவதான் சென்னை. பிழி!" என்றார் சார். பிழிந்தான். என் பெண் தலையோடு நனைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வகுப்பே எழுந்து நின்றது. அவளுடைய அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, பொதுத்தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் அவளுக்கு ஒரு வரி போதாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இவ்வளவும் வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தார் என்று எரிச்சலும் வந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு, "நான்தான் காத்து", "நான்தான் காத்து" என்று ஒருவரை ஒருவர் மோதியபடி வெளியே ஓடினார்கள். அப்பாக்கள் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் யாருடைய முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. "ஹவ், ஹவ்" என்று சொல்லிக்கொண்டே மேஜைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் துண்டை வாங்கிக்கொள்ள நான் நின்றேன். வகுப்பு காலியானதும் சார் குனிந்து பையை எடுத்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, லேப்டாப்பைத் திறந்து, போர்டை வரவழைத்தார். சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். நீலக் குடைக் கார்டைத் தேடினார். அது 'டன்' பத்தியில், நவம்பரில் என் மகள் வைத்த இடத்திலேயே இருந்தது. நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை.

ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கார்டைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்து 'டு டூ'வில் கொண்டுபோய் வைத்தார். விரலை எடுத்தார். மறுபடி வைத்து, நடுப்பத்தியைத் தாண்டி, நேராக 'டன்'னுக்கு இழுத்துவந்து விட்டார். டிங் என்றது. கலர் காகிதம் பொழியப் பொழிய, அது கடைசித் துண்டுவரை விழுந்து முடியட்டும் என்று, என் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.